வேடிக்கையும் வாடிக்கையும்

ஒரு சின்ன கற்பனை. உங்களுக்கு ஒரு விளையாட்டு தெரியும். பிரமாதமாகத் தெரியும். ஆனால், நீங்கள் பிழைக்கப் போயிருக்கிற ஊரில் அப்படியொரு விளையாட்டு இருப்பதே யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் நீங்கள் சாப்பிட வேண்டும். முதலில் என்ன செய்வீர்கள்?

'இதிலென்ன யோசனை? நாலு பேர் கூடுகிற இடத்தில் ஆடிக் காட்டுவேன். பார்க்கிறவன் வாயைப் பிளப்பான். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் க்யூ நிற்கும்' என்கிறீர்களா?

ஜார்ஜ் ஃப்ரீத் என்கிற 23 வயது இளைஞரும் அப்படித்தான் ஆரம்பித்தார். வருடம் 1907. இடம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரை. விளையாட்டு, அலைச்சறுக்கு. இன்றைக்கு சர்ஃபிங் என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும். அன்றைக்குக் கலிஃபோர்னியாவில் அது வித்தைக்காரன் சமாசாரம். ஆண்டவனே, ஒரு மனுஷன் தண்ணீர் மேல் நின்றுகொண்டு வருகிறான் பார்!

கூட்டம் கூடியது. கைதட்டியது. பிறகு?

பிறகு வீட்டுக்குப் போய்விட்டது. அதுதான் கதை.

முதலில் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். பசிஃபிக் சமுத்திரத்தின் நடுவில் இருக்கிற ஹவாய்த் தீவுகளில் அலையேறுவது பரம்பரை விளையாட்டு. அவர்கள் மொழியில் 'ஹெ-எ நாலு'. அதாவது, அலையில் சறுக்குவது. நாம் தமிழில் அலைச்சறுக்கு என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ராஜாவும் ஆடுவார், குடியானவனும் ஆடுவான், பெண்களும் ஆடுவார்கள்.

1778-ல் கேப்டன் குக்கின் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே வியாபாரிகள் வந்தார்கள். 1820-ல் மிஷனரிகள் வந்தார்கள். எல்லோரோடும் சேர்ந்து அந்தத் தீவுகள் அதுவரை அறியாத வியாதிகளும் வந்தன. பல லட்சமாக இருந்த ஹவாய் மக்கள், 1900-ம் வருடக் கணக்கெடுப்பின்போது கலப்பு வம்சத்தினரையும் சேர்த்து 40,000 பேர்கூட இல்லை. 1893-ல் ராணியின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1898-ல் தீவுகளை அமெரிக்காவோடு இணைத்துக்கொண்டார்கள். ஜனமே தேய்ந்துபோன தேசத்தில் விளையாட்டு மட்டும் எப்படி மிஞ்சும்? அடியோடு அழிந்துவிடவில்லை. ஆனால் மிகவும் சுருங்கிப்போனது.

வைகிகி கடற்கரையில் மிச்சமிருந்த கொஞ்சம் பேரில் ஒருவர்தான் ஃப்ரீத். அம்மா வழியில் ஹவாய் ரத்தம். அப்பா வெள்ளைக்காரர், கப்பல்காரர். பையனுக்கு நீச்சல், டைவிங், அலைச்சறுக்கு மூன்றும் கைவந்த கலை.

1907-ல் எழுத்தாளர் ஜாக் லண்டன் தன் சொந்தப் படகில் ஹவாய்க்கு வந்தார். அலெக்சாண்டர் ஹியூம் ஃபோர்டு என்ற பத்திரிகைக்காரர் அவர் கையில் ஒரு பலகையைக் கொடுத்துக் கடலில் இறக்கிவிட்டார். ஃப்ரீத்தும் பக்கத்தில் வந்து சில நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். லண்டனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மணிக்கணக்கில் வெயிலில் கிடந்ததில் முதுகெல்லாம் வெந்து, படுக்கையில் விழுந்தார். படுத்தபடியே விட்டாரா என்றால், இல்லை. வைகிகியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதே வருடம் அக்டோபரில் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் அது அச்சாகி வந்தது. ஃப்ரீத்தின் பெயர் அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்குள் நுழைந்தது.

ஆனால் கட்டுரை வெளிவருவதற்குள் ஃப்ரீத் கலிஃபோர்னியாவில் இருந்தார். ஜூலை மாதமே கப்பலேறிவிட்டார். சட்டைப்பையில் சிபாரிசுக் கடிதங்கள். லண்டன் கொடுத்தது ஒன்று. ஹவாய்க்கு டூரிஸ்ட்டுகளை இழுப்பதற்கென்றே இருந்த விளம்பரக் கமிட்டி கொடுத்தது ஒன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். காமர்ஸ் படித்த தோஷம், யார் கதையைக் கேட்டாலும் எனக்கு முதலில் 'இதில் யாருக்கு வரவு?' என்றுதான் கேட்கத் தோன்றும்.

லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பக்கத்துக் கடற்கரையில் அப்போது இரண்டு பெரிய முதலாளிகள். ஒருவர் அபட் கின்னி. சிகரெட் வியாபாரத்தில் சேர்த்த பணத்தில், இத்தாலியின் வெனிஸ் நகரத்தைப் போலவே கால்வாய் வெட்டிப் படகு விட்டு, வெனிஸ் என்றே பெயரும் வைத்து, 1905-ல் ஒரு பொழுதுபோக்கு நகரத்தைத் திறந்தவர். இன்னொருவர் ஹென்றி ஹன்டிங்டன். பசிஃபிக் எலெக்ட்ரிக் என்ற டிராம் ரயில் கம்பெனி இவருடையது. ரெடோண்டோ பீச்சில் ஏகப்பட்ட நிலத்தையும் வாங்கிப் போட்டிருந்தார்.

ரயிலும் அவருடையது, நிலமும் அவருடையது. கணக்கு புரிகிறதல்லவா? ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு ஜனம் வர வேண்டும். வந்தால் டிக்கெட் காசு. வந்தவர்களில் நாலு பேருக்கு ஊர் பிடித்துப்போனால் மனை விற்கும். ஜனம் வர வேண்டுமென்றால் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டும். பாண்டு வாத்தியம், நடன மண்டபம், வாணவேடிக்கை, இத்யாதி. அந்தப் பட்டியலில் இன்னொரு வரிதான் ஃப்ரீத். முதலில் வெனிஸ், அப்புறம் ரெடோண்டோ. அலைமேல் நின்று வர வேண்டும், கூட்டம் பார்க்க வேண்டும்.

ரயில் முதலாளிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். கூட்டம் வந்தாலே அவருக்கு லாபம். அலையேறுகிறவருக்கு? கடற்கரைக்குக் கதவு உண்டா, டிக்கெட் கிழிப்பதற்கு? வேடிக்கை பார்க்கிறவன் கைதட்டுவான், ஐஸ்க்ரீம் சாப்பிடுவான், கடைசி ரயிலைப் பிடிப்பான். 'எனக்கும் சொல்லிக்கொடு' என்று வந்து நின்றால்தானே அவன் வாடிக்கையாளன்?

ஏன் வந்து நிற்கவில்லை? காரணங்கள் ரொம்ப சாதாரணமானவை.

ஒன்று, பலகை கிடையாது. கடையில் போய் வாங்குகிற சாமான் இல்லை அது. முழு மரத்தில் ஒவ்வொன்றாகச் செதுக்க வேண்டும். தூக்கிக்கொண்டு மணலில் நடப்பதே ஒரு தேகப்பயிற்சி.

இரண்டு, குளிர். ஹவாய்க் கடல் வெதுவெதுப்பு. கலிஃபோர்னியாக் கடல் அப்படியல்ல, பல்லைக் கிட்டிக்க வைக்கும். உடம்புக்குக் கதகதப்பு தருகிற வெட்சூட் எல்லாம் வருவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன.

மூன்றாவதுதான் முக்கியம். கடற்கரைக்கு வந்த பெரும்பாலானவர்களுக்கு நீச்சலே தெரியாது. தண்ணீருக்குள் நட்டுவைத்த கம்பங்களில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு முழங்கால் நனைப்பதுதான் அன்றைய கடல் குளியல். கயிற்றை விடவே பயப்படுகிற மனுஷனிடம், 'வாங்க, அலைமேல் ஏறி நிற்கலாம்' என்றால் வருவானா?

வித்தை எவ்வளவு பெரிதோ, பார்க்கிறவனுக்கு அவ்வளவு தூரம். 'இது நம்மால் ஆகிற காரியமில்லை' என்றுதான் அவன் மனசுக்குள் முடிவு கட்டுவான். சர்க்கஸில் பார் விளையாடுகிற பெண்ணைப் பார்த்துவிட்டு, யாராவது மறுநாள் பார் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறோமா?

1908, டிசம்பர் 16.

வெனிஸ் கடலில் திடீரென்று புயல். மீன்பிடிக்கப் போயிருந்த ஜப்பானிய மீனவர்களின் படகுகள் அலையில் மாட்டிக்கொண்டன. கரை கண்ணுக்குத் தெரிகிறது. வர முடியவில்லை. பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. இந்தத் தடவையும் வேடிக்கைதான். ஆனால் யாரும் கைதட்டவில்லை.

ஃப்ரீத் பாலத்திலிருந்து குதித்தார். டிசம்பர் மாதத்துக் கடல். ஒரு தடவை அல்ல. கரைக்கு வருவதும் திரும்பப் போவதுமாக, அவர் ஒருவர் மட்டும் காப்பாற்றியது ஏழு பேரை. மற்ற உயிர்காப்பு வீரர்களும் படகில் போய் மிச்சப் பேரை மீட்டார்கள். இதற்காக 1910-ல் அமெரிக்க அரசு அவருக்கு உயிர்காப்புக்கான தங்கப் பதக்கத்தைக் கொடுத்தது.

இந்த இடத்தில்தான் நான் அவரை இன்னொரு தடவை திரும்பிப் பார்க்கிறேன். அலையில் வேடிக்கை காட்டத் தேவைப்பட்ட அதே சாமர்த்தியம்தான் அன்றைக்கு ஏழு உயிரை மீட்டது. எந்த அலை எங்கே உடையும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எப்போது எதிர்க்க வேண்டும், எப்போது சும்மா மிதக்க வேண்டும். ஜனங்களுக்கு அவசியமாக இருந்தது அலைமேல் நிற்கிற வித்தை அல்ல. கடலில் சாகாமல் இருக்கிற வித்தை. முதலாவது ஆடம்பரம். இரண்டாவது தேவை. ஆடம்பரத்துக்கு நாலு பேர்தான் காசு கொடுப்பார்கள். தேவைக்கு ஊரே கொடுக்கும்.

1909-ல் ரெடோண்டோவில் ஒரு பிரம்மாண்டமான குளியல் மாளிகை திறந்தார்கள். சுடவைத்த கடல் நீர், உள்ளே பெரிய பெரிய நீச்சல் குளங்கள். ஃப்ரீத் அங்கே சம்பளத்துக்குச் சேர்ந்தார். லைஃப் கார்ட், நீச்சல் வாத்தியார் எல்லாம் அவரே. சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். டைவிங் சொல்லிக்கொடுத்தார். வாட்டர் போலோ டீம் அமைத்தார். நன்றாக நீந்துகிற பையன்களைப் பொறுக்கியெடுத்து, முழுகுகிறவனை எப்படிப் பிடிப்பது, எப்படி இழுத்து வருவது என்று பழக்கினார். அந்தப் பையன்களில் சிலர்தான் அவருக்குப் பின்னாலேயே பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார்கள்.

கவனியுங்கள். கைதட்டிய ஆயிரக்கணக்கான பேரிடமிருந்து வராத சீடர்கள், குளத்தில் கால் உதைக்கக் கற்றுக்கொண்ட சின்னக் கூட்டத்திலிருந்து வந்தார்கள். பயம் போனவனுக்குத்தான் ஆசை வருகிறது.

அவரிடம் பழகிய ஒரு பையன், லூடி லாங்கர். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார்.

வாத்தியார் ஏன் ஒலிம்பிக் போகவில்லை? போக முடியாது. அன்றைய விதிப்படி, உடல் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துக் காசு வாங்கினால் நீங்கள் 'புரொஃபஷனல்'. அமெச்சூர்களுக்கு மட்டுமே ஒலிம்பிக். ஜிம் தோர்ப் கதை தெரிந்திருக்கும். 1912-ல் இரண்டு தங்கம் ஜெயித்தவர். முன்பு எப்போதோ பேஸ்பால் ஆடிச் சம்பளம் வாங்கினார் என்று மறு வருடமே பதக்கத்தைப் பறித்தார்கள். பரம்பரைச் சொத்து உள்ளவனுக்கு இந்த விதியால் ஒரு கஷ்டமும் இல்லை. தெரிந்த வித்தையை விற்றுச் சாப்பிடுகிறவனுக்குத்தான் கதவு மூடும். சாப்பாடா, போட்டியா? ஃப்ரீத்துக்குச் சாப்பாடு.

இதே சமயத்தில் வைகிகியில் என்ன நடந்தது? ஃபோர்டு 1908-ல் அவுட்ரிகர் கேனோ க்ளப் என்று ஒன்றைத் தொடங்கினார். ஹவாயின் பழைய அலை விளையாட்டுகளைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றார். நல்ல நோக்கம்தான். ஆனால் உறுப்பினர்களில் அநேகமாக எல்லோரும் வெள்ளைக்காரர்கள்! யாருடைய விளையாட்டோ அவர்களே வெளியில் நின்றார்கள். அவர்கள் 'ஹுய் நாலு' என்று தனியாக ஒரு க்ளப் வைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவர்தான் டியூக் கஹனமோகு. 1912 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கிய அதே டியூக்.

1914 கடைசியில் நீச்சல் போட்டிகளுக்காக டியூக்கை ஆஸ்திரேலியாவுக்கு அழைத்தார்கள். அங்கே கிடைத்த மரத்தில் ஒரு பலகை செய்துகொண்டு, சிட்னிக்குப் பக்கத்தில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடற்கரையில் அலையேறிக் காட்டினார். இஸபெல் லெத்தம் என்ற 15 வயதுப் பெண்ணையும் தன் பலகையில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் பிற்பாடு நீச்சல் ஆசிரியையாக அமெரிக்காவிலும் சிட்னியிலும் வேலை பார்த்தார். டியூக்கின் பலகை இன்றும் ஃப்ரெஷ்வாட்டர் உயிர்காப்பு க்ளப்பில் பத்திரமாக இருக்கிறது.

டியூக்கும் ஆடித்தானே காட்டினார், அங்கே மட்டும் எப்படி வேர் பிடித்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிட்னியில் நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது. 1907 முதலே கடற்கரைக்குக் கடற்கரை உயிர்காப்பு க்ளப்கள். அலையோடு மல்லுக்கட்டப் பழகிய இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். டியூக் விதை மட்டும் போட்டால் போதுமாக இருந்தது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீத் உழவும் வேண்டியிருந்தது, விதைக்கவும் வேண்டியிருந்தது.

உழுதவர் அறுவடை பார்த்தாரா?

இல்லை. வேலை தேடி ஊர் ஊராகப் போனார். கடைசியாக சான் டியேகோ. 1918 மே மாதம் அந்த ஊரின் ஓஷன் பீச்சில் ஒரே நாளில் 13 பேர் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் யுத்தப் பயிற்சிக்கு வந்திருந்த சிப்பாய்கள். அதற்குப் பிறகுதான் ஃப்ரீத்தை அங்கே லைஃப் கார்டாக நியமித்தார்கள். அது உலகமெங்கும் இன்ஃபுளுயன்சா பரவிய காலம். கடலில் அத்தனை பேரை மீட்ட மனுஷனை அந்தக் காய்ச்சல் படுக்கையில் தள்ளியது. 1919 ஏப்ரல் 7-ம் தேதி இறந்துபோனார். வயது 35. சாம்பல் ஹவாய்க்குப் போனது.

கலிஃபோர்னியாவின் முதல் பெரிய அலைச்சறுக்குப் போட்டி 1928-ல் நடந்தது. அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து. 1950-களில் இலேசான ஃபோம் பலகைகள் வந்தன. வெட்சூட்டும் வந்தது. 1959-ல் 'கிட்ஜெட்' என்ற ஹாலிவுட் படம் வந்து, நாடு முழுக்கப் பையன்களும் பெண்களும் கடற்கரைக்கு ஓடினார்கள். ஃப்ரீத்தை மடக்கிய அந்த மூன்று தடைகளும் ஒவ்வொன்றாக உடைந்த பிறகு, பலகை விற்றவர்கள், உடுப்பு விற்றவர்கள், ஸ்கூல் நடத்தியவர்கள் எல்லோரும் சம்பாதித்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் சர்ஃபிங்குக்கே பதக்கம் கொடுத்தார்கள். அது 2021-ல்.

ரெடோண்டோ கடற்கரையில் ஃப்ரீத்துக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்திருந்தார்கள். 2008-ல் அதையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். உலோகம் நல்ல விலைக்குப் போன நேரம்! 2010-ல் மறுபடியும் வார்த்து வைத்தார்கள்.

லாப நஷ்டக் கணக்கு போட்டால், ஃப்ரீத் தோற்றுப்போன வியாபாரி. மார்க்கெட்டை உருவாக்குகிறவன் ஒருவன், அதில் சம்பாதிக்கிறவன் இன்னொருவன் என்பது உலக வழக்கம்தான். ஆனால் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் எழுத முடியாத ஒரு வரவு அவருக்கு உண்டு. மூழ்காமல் வீட்டுக்குத் திரும்பிய மனுஷர்கள்.

இதெல்லாம் எங்கோ அமெரிக்காவில் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். ரோட்டில் கோவளம் வரைக்கும் போய்விட்டு வாருங்கள். அந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவனும் அவருடைய சகாக்களும் 2012 வாக்கில் தொடங்கிய சர்ஃப் ஸ்கூல் அங்கே இருக்கிறது. கொஞ்சம் தள்ளி மாமல்லபுரத்தில், 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் ஜெயித்தார்.

நான் போன அன்று ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். செல்ஃபோனில் அலையேறும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்த உற்சாகம் முகத்தில். சொல்லிக்கொடுத்த தம்பி பலகைகளை மணலில் வரிசையாகப் போட்டார். கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும், கை தூக்குங்க."

இரண்டே இரண்டு கைகள்தான் உயர்ந்தன. தம்பி தலையாட்டிக்கொண்டார். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ரெடோண்டோ குளம் என் கண்ணுக்குத் தெரிந்தது.